கெஸ்ட் ஹவுஸ் என்றால் யார் வீடு? தர்மபுரிக்கு வரும் உறவினரை எங்கே தங்கவைப்பது

போன தை மாதம் என் அக்கா மகளுக்குத் தர்மபுரியில் திருமணம். வெளியூரிலிருந்து 35 பேர் வருவதாக இருந்தது. தாய்மாமன் என்ற முறையில் அவர்களைத் தங்கவைக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. முதலில் தொலைபேசியில் அழைத்தவர் என் மனைவியின் சித்தப்பா. "லாட்ஜ் எல்லாம் வேண்டாம் மாப்பிள்ளை, நல்ல கெஸ்ட் ஹவுஸாகப் பாருங்கள்" என்றார். "சரிங்க மாமா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த ஒரு சொல்லுக்கு எங்கள் குடும்பத்துக்குள்ளேயே எத்தனை பொருள் இருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

மாமா நெடுஞ்சாலைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மனத்தில் இருந்தது அரசாங்கத்தின் பயணியர் மாளிகை. ஓசூரில் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகனிடம் கேட்டேன். அவனுக்குக் கெஸ்ட் ஹவுஸ் என்றால் கம்பெனி வாடகைக்கு எடுத்து, சமையல்காரரும் வைத்து, வெளியூர் அதிகாரிகளைத் தங்கவைக்கும் வீடு. கோயம்புத்தூர் அத்தை, "யாராவது தெரிந்தவர்கள் வீட்டு மாடியா?" என்று கேட்டார். வீட்டுத் தரகரோ ஆளில்லாத ஒரு வீட்டின் சாவியை எடுத்து நீட்டினார். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கடைகளுக்கு மேலே வரிசையாக அறைகள் உள்ள கட்டடத்திலும் அதே பெயர்தான் எழுதியிருந்தது. ஐந்து பேர், ஐந்து பொருள். இதில் எதை நம்பி முன்பணம் கொடுப்பது?

சொல்லிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் குழப்பம் அங்கேதான் இருக்கிறது. ஆங்கிலம் பேசும் நாடுகளிலேயே இதற்கு ஒரே பொருள் இல்லை. அமெரிக்காவில் பெரும்பாலும் சொந்த வீட்டு வளாகத்துக்குள், வந்து போகிறவர்களுக்கென்று தனியாகக் கட்டிய சிறு வீட்டைக் குறிக்கும். அங்கே வாடகை என்ற பேச்சே இல்லாமலும் இருக்கலாம். இங்கிலாந்தில் ஒரு குடும்பம் தன் வீட்டில் சில அறைகளை வாடகைக்கு விட்டுக் காலை உணவும் கொடுக்கும் இடம். நம் நாட்டில் முதலில் அரசு அதிகாரிகளின் மாளிகைக்கும், பிறகு கம்பெனி வீடுகளுக்கும் அந்தப் பெயர் போயிற்று. இன்று பெயர்ப்பலகை எழுதுகிறவர் விருப்பம். லாட்ஜ் என்று எழுதினால் குடும்பத்தோடு வருகிறவர்கள் தயங்குவார்கள் என்பதால் கெஸ்ட் ஹவுஸ் என்று எழுதுகிறவர்கள் நிறைய.

தமிழில் விருந்து என்ற சொல்லுக்கு முதல் பொருள் சாப்பாடு அல்ல, புதுமை. தொல்காப்பியம் புதிதாகப் புனையும் செய்யுளை 'விருந்து' என்றுதான் சொல்கிறது. ஆகவே விருந்தினர் என்றால் புதிதாக வந்தவர், முன்பின் தெரியாதவர். கெஸ்ட் என்ற ஆங்கிலச் சொல்லின் வேரைத் தேடிப் போனாலும் 'அயலார்' என்ற பொருளில்தான் போய் முடிகிறது. உறவுக்காரர் வந்தால் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் 'ஒறம்பரை வந்திருக்கிறது' என்பார்கள்; அது உறவு முறையிலிருந்து வந்த சொல். தெரிந்தவரை உபசரிப்பது ஒன்று, தெரியாதவருக்குக் கதவு திறப்பது இன்னொன்று. இந்த ஊருக்கு அது புதிதும் அல்ல. தர்மபுரிதான் பழைய தகடூர். அதை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியிடம் ஒருநாள் இருநாள் அல்ல, பலநாள் திரும்பத் திரும்பப் பலரோடு போனாலும் முதல்நாள் காட்டிய அதே விருப்பத்தோடு வரவேற்பான் என்று ஔவையார் பாடியது புறநானூற்றில் இருக்கிறது. மூன்றாம் நாளும் முதல்நாள் முகம் இருக்கிறதா என்பது இன்றைக்கும் ஒரு தங்கும் இடத்தை எடைபோட நல்ல அளவுகோல் என்று நான் நினைக்கிறேன்.

மாமா கேட்டதால் பயணியர் மாளிகையை முதலில் விசாரித்தேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டும் பழைய பாரமகால் பகுதி. 1792இல் கிழக்கிந்தியக் கும்பெனியின் கைக்கு வந்தபின் அதன் அதிகாரிகளான ரீடும் மன்றோவும் ஊர் ஊராக முகாமிட்டு நிலத்தை அளந்து வரி விதித்த மண் இது. அதிகாரி என்றால் முகாம் போகிறவர் என்றிருந்த அந்தக் காலத்தின் தொடர்ச்சிதான் பிற்காலத்துப் பயணியர் மாளிகைகளும் ஆய்வு மாளிகைகளும். உயரமான கூரை, அகலமான தாழ்வாரம், சுற்றிலும் பெரிய மரங்கள் என்று அந்த வகைக் கட்டடங்களுக்கே ஒரு குளிர்ச்சி உண்டு. ஆனால் அவை பணியில் வரும் அதிகாரிகளுக்காக இருப்பவை. அறை காலியாக இருந்தால்தான் மற்றவர்களுக்குக் கிடைக்கும். கடைசி நேரத்தில் ஓர் அதிகாரி வந்தால் நமக்குத் தந்த அனுமதி நிற்காது. தனியாளாக, வேறு ஏற்பாடும் கையில் வைத்திருப்பவர் முயன்று பார்க்கலாம். முகூர்த்த நாளுக்கு முந்தைய இரவில் எட்டுப் பேரை அங்கே நம்பி வைக்க முடியாது. மாமாவுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கக் கொஞ்சம் நேரம் ஆனது.

ஓசூர்க் கம்பெனி வீடுகள் நமக்கு எட்டாதவை. கம்பெனியில் யாராவது மேலதிகாரி எழுதிக் கொடுத்தால் தவிரத் திறக்காது. சிப்காட் பகுதியைச் சுற்றிப் பெருகியிருக்கும் பி.ஜி. விடுதிகள் மாதக் கணக்குக்கு உரியவை. மண்டபத்தில் இருக்கும் அறைகள் மணமகள் வீட்டாருக்கும் மணமகன் வீட்டாருக்குமே போதாது. கூடத்தில் ஜமக்காளம் விரித்துப் படுக்க இளவட்டங்கள் தயார்தான், விடியற்காலை நான்கு மணிக்குக் குளியலறை வரிசையில் நிற்கவும் தயார். முதியவர்களை அப்படி வைக்கக் கூடாது.

மிஞ்சியவை மூன்று: லாட்ஜ், முழு வீடு, வீட்டுக்காரர் குடியிருக்கும் வீடு. உண்மையான ஒப்பீடு இவற்றுக்குள்தான்.

முழு வீட்டைப் பற்றி எனக்கு ஒரு கசப்பான அனுபவம் உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன் என் மாமனாரின் மணிவிழாவுக்கு வந்தவர்களை ஊருக்கு வெளியே கெஸ்ட் ஹவுஸ் என்று பலகை மாட்டியிருந்த ஒரு வீட்டில் வைத்தோம். நான்கு அறை, ஒரு கூடம், ஒரு சமையலறை. படத்தில் பார்க்க அழகாக இருந்தது. ஆளுக்கு வகுத்துப் பார்த்தால் லாட்ஜைவிட மலிவு. சாவியைக் கொடுத்துவிட்டுக் காவலாளி எட்டு மணிக்கு வீட்டுக்குப் போய்விட்டார். பத்து மணிக்கு மோட்டார் நின்றுவிட்டது. தொட்டியில் தண்ணீர் இல்லை. உரிமையாளர் வேறு ஊரில் இருப்பவர். அவருடைய தொலைபேசி அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கீழ்த்தளத்துக் கழிப்பறை நம் நாட்டு முறை. மேல்நாட்டு முறைக் கழிப்பறை மாடியில்தான் இருந்தது. முழங்கால் வலியோடு வந்திருந்த 74 வயதுப் பெரியம்மா அன்று இரவு மூன்று முறை மாடிப்படி ஏறி இறங்கினார். நானும் மைத்துனனும் பக்கத்து வீட்டை எழுப்பி, அவர்கள் கொடுத்த தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்தோம். அந்தப் பக்கத்து வீட்டம்மா ஒரு வார்த்தை முகம் சுளிக்கவில்லை. பெரியம்மாவுக்கு வெந்நீரும் வைத்துக் கொடுத்தார். நாங்கள் வாடகை கொடுத்த வீட்டில் எங்களை வரவேற்க யாரும் இல்லை. அன்று எங்களுக்கு விருந்தோம்பியது வாடகை வாங்காத வீடு.

மறுநாள் கணக்குப் பார்க்கும்போது சுத்தம் செய்ததற்குத் தனி, ஜெனரேட்டர் டீசலுக்குத் தனி, கூடுதலாக விரித்த மெத்தைக்குத் தனி என்று சேர்ந்தது. மலிவு என்று நினைத்தது மலிவாக இல்லை. முழு வீட்டையே நான் குறை சொல்லவில்லை. கைக்குழந்தை வைத்திருக்கிறவர்கள், சொந்தமாகச் சமைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள், பத்துப் பேர் ஒன்றாகக் கூடிப் பேச விரும்புகிறவர்கள் ஆகியோருக்கு அதைவிட வசதியான ஏற்பாடு இல்லை. ஆனால் இரவில் அந்த வளாகத்தில் யார் படுத்திருப்பார், மோட்டார் நின்றால் யார் வருவார் என்று கேட்டு, அந்த ஆளின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும்.

லாட்ஜ் என்ற சொல்லுக்கு நம் ஊரில் இருக்கும் கெட்ட பெயர் நியாயமற்றது என்பதை இந்த அலைச்சலில் உணர்ந்தேன். லாட்ஜில் இரவு முழுவதும் ஒருவர் மேசையில் இருக்கிறார். வருகிறவர் பெயர் பதிவேட்டில் ஏறுகிறது. பம்பு நின்றால் ஆள் வருகிறது. அலுவலகத்தில் செலவைத் திரும்பப் பெற வேண்டியவருக்கு முறையான ரசீது கிடைக்கிறது. ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் சிறிய வீட்டு விடுதிகள் பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு செய்ய வேண்டியதில்லை என்பதால் அவற்றில் ஜி.எஸ்.டி. ரசீது எதிர்பார்க்க முடியாது. அது அவர்கள் தவறும் அல்ல, ஆனால் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

லாட்ஜில் கேட்டே ஆக வேண்டியது நேரக் கணக்கு. சில இடங்களில் அறை எடுத்த நேரத்திலிருந்து 24 மணி நேரம். சில இடங்களில் பகல் 12 மணிக்குக் காலி செய்ய வேண்டும். சென்னையிலிருந்து இரவுப் பேருந்தில் வருகிறவர்கள் விடிவதற்கு முன்பே இறங்குவார்கள். பகல் 12 மணிக் கணக்கு உள்ள இடத்தில் அந்தச் சில மணி நேரத்துக்கு முழு நாள் வாடகை போய்விடும். கிருஷ்ணகிரியில் தங்க நினைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சென்னை, பெங்களூரு, சேலம் என்று நெடுஞ்சாலைகள் சந்திக்கும் ஊர் அது. சாலையை ஒட்டிய அறைகளில் லாரிச் சத்தம் விடியும்வரை ஓயாது. கட்டடத்தின் பின்பக்க அறையாகக் கேட்டு வாங்கினால் தூங்கலாம். நகரத்துக்குள் ரயில் நிலையமும் கிடையாது. ரயிலில் வருகிறவர்களுக்குத் தர்மபுரிதான் வசதி.

வீட்டுக்காரர் குடியிருக்கும் வீடு என்பதுதான் இப்போது ஹோம்ஸ்டே என்று சொல்லப்படுகிறது. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் திட்டத்தில் இதற்கு வரையறை இருக்கிறது. குறைந்தது ஓர் அறை, அதிகம் போனால் ஆறு அறைகள், உரிமையாளர் குடும்பத்தோடு அங்கேயே குடியிருக்க வேண்டும். எனக்கு இந்தக் கடைசி நிபந்தனைதான் முக்கியமாகப் படுகிறது. பூட்டிய வீட்டுக்கு ஹோம்ஸ்டே என்று பெயர் வைத்தால் அது ஹோம்ஸ்டே ஆகாது. நான் பார்த்த வீடுகளில் ஒன்று ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருடையது. தரைத்தளத்தில் இரண்டு அறைகள், கைப்பிடி வைத்த குளியலறை. இரவு பத்து மணிக்கு வாசற்கதவைப் பூட்டிவிடுவார், மது கூடாது, அசைவம் வெளியிலிருந்து வாங்கி வரலாம் ஆனால் சமைக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். இந்த வெளிப்படைத்தன்மை எனக்குப் பிடித்திருந்தது. இளைஞர்களுக்கு இந்த நிபந்தனைகள் இடைஞ்சலாகப்படும். அத்தைக்கும் பெரியம்மாவுக்கும் அதுவே பாதுகாப்பு. ராகிக் களியும் கீரைக் கடைசலும் செய்து தர முடியுமா என்று கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

இன்னொரு வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அறைகள் நன்றாகவே இருந்தன. வாடகையும் பேசி முடித்தோம். கிளம்பும்போது வீட்டுக்காரர், "நீங்கள் எந்த ஆட்கள்?" என்று கேட்டார். அவர் எதைக் கேட்கிறார் என்பது இந்த மாவட்டத்தில் பிறந்த யாருக்கும் விளங்கும். பதில் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். எங்கள் திருமணத்துக்கு வருகிறவர்களில் எல்லா வகையினரும் உண்டு, என் நண்பர்கள் உண்டு, அக்கா மகளுடன் வேலை பார்க்கிறவர்கள் உண்டு. அவர்களில் ஒருவரை அந்த வாசலில் நிறுத்தி அந்தக் கேள்விக்கு ஆளாக்குவதைவிட லாட்ஜின் மேசைக்காரர் ஆதார் நகலை மட்டும் வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுப்பது ஆயிரம் மடங்கு மேலானது. புதியவரை ஏற்பதுதான் விருந்து என்றால், சாதி கேட்டு ஏற்பது எப்படி விருந்தாகும்? வீட்டு விடுதி தேடுகிறவர்கள் இப்படி ஒரு கேள்வி வந்தால் அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். வசதி எவ்வளவு இருந்தாலும் வேண்டாம்.

ஆதார் என்றதும் நினைவு வருகிறது. எங்கே தங்கினாலும் அடையாள அட்டை கேட்பார்கள். கேட்பதும் சரிதான். எட்டு இலக்கங்களை மறைத்து, கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் ஆதாரை இணையத்தில் பதிவிறக்கிக் கொள்ளலாம். வாட்ஸ்ஆப்பில் முழு ஆதாரையும் அனுப்பச் சொல்லும் இடங்களுக்கு இதையே அனுப்புங்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வருகிறவர்களுக்கு இன்னொரு விதி உண்டு. அவர்கள் தங்கும் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்க வேண்டியது தங்கவைக்கிறவர் பொறுப்பு; லாட்ஜ் ஆனாலும் வீடு ஆனாலும் இது பொருந்தும். எங்களுக்குப் பினாங்கிலிருந்து ஒரு சித்தி குடும்பம் வந்தது. ஆசிரியை அம்மா, "எனக்கு அந்த நடைமுறை பழக்கமில்லை தம்பி" என்று உண்மையைச் சொன்னார். அதனால் சித்தி குடும்பத்துக்கு, இதை வழக்கமாகச் செய்யும் ஒரு லாட்ஜையே தேர்ந்தெடுத்தோம்.

எங்கே வைத்தாலும் நான் விடாமல் கேட்ட கேள்வி குடிதண்ணீர். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறையோடு வளர்ந்த தலைமுறை இங்கே உண்டு, நானும் அந்தத் தலைமுறைதான். ஜப்பான் நிதியுதவியோடு கட்டிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் பயன்பாட்டுக்கு வந்தபின் காவிரித் தண்ணீர் குழாயில் வருகிறது. ஆனால் குளிக்கவும் பாத்திரம் கழுவவும் ஆழ்துளைக் கிணற்றையும் வைத்திருக்கும் கட்டடங்கள் பல. சமையலறையில் எந்தக் குழாயில் எந்தத் தண்ணீர் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வடிகட்டி இருக்கிறது என்ற பதிலோடு நிற்காதீர்கள். எல்லா வடிகட்டியும் ஃபுளூரைடை நீக்குவதில்லை. கொதிக்க வைத்தாலும் அது போகாது. இரண்டு நாளில் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது என்பது உண்மை. ஆனாலும் பாலில் கலக்கும் தண்ணீரைப் பற்றிக் கேட்டவுடன் பதில் சொல்லத் தெரிந்த வீடு, மற்ற எல்லாவற்றையும் கவனிக்கிற வீடாகவே இருந்ததைப் பார்த்தேன்.

திருமணம் முடிந்து ஒகேனக்கல் போக வேண்டும் என்பது பினாங்குச் சித்தியின் ஆசை. அங்கேயே ஒரு நாள் தங்குவதா, தர்மபுரியில் இருந்துகொண்டு போய்வருவதா? இடையில் சுமார் 46 கிலோமீட்டர், பென்னாகரம் வழியாக. அருவிக்கரையில் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல் தமிழ்நாடு இருக்கிறது, தனியார் விடுதிகளும் இருக்கின்றன. விடியற்காலையில் கூட்டம் சேர்வதற்கு முன் ஆற்றைப் பார்க்க வேண்டும், எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டும் என்பவர்களுக்கு அங்கே தங்குவதே சிறப்பு. ஆனால் காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் அளக்கும் நீர்வரத்து கூடினால் பரிசல் ஓட்டவும் குளிக்கவும் மாவட்ட நிர்வாகம் தடை போட்டுவிடும். அறைக்குப் பணம் கட்டிய பிறகு தடை வந்தால் அறையில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் வருகிறவர்கள் தர்மபுரியில் தங்கி, காலையில் செய்தி பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது. தை மாதத்தில் அந்தக் கவலை குறைவு. அதனால் சித்தியை ஒரு நாள் அங்கேயே தங்கச் சொன்னேன். தேய்பிறை அஷ்டமி நாளில் அதியமான்கோட்டைக் காலபைரவர் கோயிலுக்குக் கர்நாடகத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள். முகூர்த்த நாள் அதற்கு அருகில் விழுந்தால் தர்மபுரி அறைகளை முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும்.

கடைசியில் 35 பேரை இப்படிப் பிரித்தோம். முதியவர்கள் ஆறு பேர் ஆசிரியை வீட்டில். பினாங்குக் குடும்பமும் மாமா குடும்பமும், அலுவலக ரசீது வேண்டியவர்களும் சேர்த்துப் பதினைந்து பேர் மண்டபத்துக்குப் பக்கத்து லாட்ஜில், 24 மணி நேரக் கணக்கில். கைக்குழந்தைகளோடு வந்த இரண்டு குடும்பங்களின் ஒன்பது பேர் ஒரு முழு வீட்டில். அந்த வீட்டுக்குப் பின்கட்டில் காவலாளி குடும்பத்தோடு குடியிருக்கிறார், மோட்டாரை என் எதிரிலேயே போட்டுக் காட்டினார். மீதி ஐந்து இளைஞர்கள் மண்டபத்துக் கூடத்தில். வாடகை மொத்தம், எல்லாரையும் ஒரே லாட்ஜில் வைத்திருந்தால் ஆகியிருக்கும் தொகையைவிடச் சற்றுக் கூடுதல்தான். ஒரு வேன் ஓட்டுநருக்கு இரண்டு நாள் சம்பளமும் தனியாகக் கொடுத்தோம், மூன்று இடத்துக்கும் போய்வர.

மூன்றாம் நாள் காலை அத்தையையும் பெரியம்மாவையும் அழைத்துவர ஆசிரியை வீட்டுக்குப் போனேன். பெரியம்மா திண்ணையில் உட்கார்ந்து அந்த அம்மாவோடு புளி உடைத்துக்கொண்டிருந்தார். கிளம்பலாமா என்று கேட்டதற்கு, "மதியச் சாப்பாட்டுக்குச் சொல்லியிருக்கிறார்கள், நீ நாலு மணிக்கு வா" என்றார்.